எறிகுண்டும் ரகசிய அறிக்கையும்: முதல் உலகப்போர் அகழிகளில் அதிகாரிகளின் பயமும் போட்டியும்

1916 ஜூலை 1 காலை பிரான்சின் சோம் போர்முனையில் 13 பிரிட்டிஷ் டிவிஷன்கள் (பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரும் படைப்பிரிவுகள்) அகழியை விட்டு மேலேறின. அன்றைய இழப்பு மொத்தம் 57,470 பேர். அவர்களில் இறந்தவர்கள் 19,240. 34ஆவது டிவிஷன் மட்டும் 6,380 பேரை இழந்தது. பதின்மூன்றிலும் குறைந்த இழப்பு, வடகோடியில் கோம்கூர் கிராமத்தைத் தாக்கிய 46ஆவது டிவிஷனுக்கு: 2,455. தோற்றுப்போன தாக்குதலில் ஆட்களை மிச்சம் பிடித்த தளபதிக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் அதன் தளபதி மேஜர் ஜெனரல் ஸ்டூவர்ட்-வோர்ட்லியை ஜூலை 5 அன்றே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்மீதான விசாரணை அப்போது முடிந்திருக்கவுமில்லை. இந்த டிவிஷனிடம் தாக்கும் துடிப்பு இல்லை என்பது மேலே இருந்த கோர் (சில டிவிஷன்கள் சேர்ந்த படை) தளபதி ஸ்னோவின் முடிவு.

கோம்கூர் தாக்குதலின் நோக்கமே ஜெர்மானியரின் பீரங்கிகளைத் தெற்கே திரும்பவிடாமல் தன்பக்கம் இழுத்துவைப்பது. அதனால் ஆயத்தங்களை எதிரி பார்க்கும்படியாகவே செய்தார்கள். எதிரியும் பார்த்தான், காத்திருந்தான். காலையில் முதல் அலைகள் முள்கம்பியில் சிக்கிச் சிதைந்தபின், மறுபடி தாக்கச் சொல்லி மாலைவரை ஆணைகள் வந்தன. ஸ்டூவர்ட்-வோர்ட்லி பேருக்கு இரண்டு கம்பெனிகளை மட்டும் அனுப்பச் சொன்னார். ஒன்பது மாதங்களுக்கு முன் ஹோஹென்சோலர்ன் அரணில் இதே டிவிஷன் ஒரு பகலில் 3,700 பேரளவு இழந்திருந்தது. அப்போது கொஞ்சம் கொஞ்சமாக அகழியைப் பிடிக்கலாம் என்று அவர் சொன்ன யோசனையைக் கோர் தளபதி ஹேக்கிங் தள்ளிவிட்டார். இன்னொரு பழைய கணக்கும் இருந்தது. முந்தைய தலைமைத் தளபதி சர் ஜான் பிரெஞ்சின் அனுமதியோடு ஸ்டூவர்ட்-வோர்ட்லி மன்னருக்கு வாராவாரம் கடிதம் எழுதிவந்தார். புதிய தலைமைத் தளபதியாக வந்த ஹேக்குக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

ஒரே ஆளின் கதையில் எல்லாமே வந்துவிடுகிறது: மேலே இருப்பவரின் சந்தேகம், பக்கத்து டிவிஷனோடு ஒப்பீடு, பழைய பகை, 'பயந்தவன்' என்ற முத்திரை. அகழிப் போரில் அதிகாரிகளைத் துரத்திய பயம் இரண்டு வகை. எறிகுண்டைக் கண்டு வரும் பயம் ஒன்று. தன் பயம் பிறர் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம் மற்றொன்று. முதலாவது சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் பொது. இரண்டாவதைப் பிரிட்டிஷ் ராணுவம் தன் விதிகளாலும் படிவங்களாலும் பதக்கங்களாலும் வளர்த்தெடுத்தது. அதிகாரிகளுக்கு இடையே நடந்த போட்டியில் பெரும்பகுதி இந்த இரண்டாவது பயத்திலிருந்து பிறந்தது என்பதே இங்கே சொல்ல வருவது.

ஒரு நிலவறை, ஐந்தாறு அதிகாரிகள்

அளவுகளைப் பார்த்தால் நெருக்கம் புரியும். ஒரு பட்டாலியன் என்பது ஏட்டில் சுமார் 1,000 பேர், 30 அதிகாரிகள். நான்கு கம்பெனிகள், ஒவ்வொன்றிலும் நான்கு பிளட்டூன்கள். கம்பெனிக்கு ஒரு கேப்டன், அவருக்கு ஒரு துணை, பிளட்டூனுக்கு ஒரு லெப்டினன்ட். இந்த ஐந்தாறு பேரும் முன்வரிசையில் நாலைந்து நாட்கள் ஒரே நிலவறையில் சாப்பிட்டு, தூங்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அறிக்கை எழுதி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருப்பார்கள். பிறகு துணை வரிசை, அதன்பின் ஓய்வு கிராமம், மறுபடி முன்வரிசை.

அகழி நேர்க்கோடாக ஓடாது. சில கெஜத்துக்கு ஒருமுறை மண்மேடு குறுக்கிட்டு வளையும். ஒரு குண்டு உள்ளே விழுந்தால் அதன் சிதறல் அந்த ஒரு அறையோடு நிற்பதற்காக இந்த ஏற்பாடு. இதனால் பிளட்டூன் அதிகாரி நின்ற இடத்தில் இருந்து ஆறேழு பேரைத்தான் பார்க்க முடியும். மற்றவர்களைப் பார்க்க நடந்தாக வேண்டும். இரவு முழுக்க நடப்பதுதான் வேலை. விடியலுக்கு முன்னும் அந்தி நேரத்திலும் எல்லோரும் துப்பாக்கியோடு படியில் ஏறி நிற்க வேண்டும். நடுவில் காவலரைச் சுற்றிப் பார்ப்பது, முள்கம்பி கட்டும் குழு, ரோந்து. விஷவாயு வந்தபின் காற்றின் திசை பற்றித் தினமும் அறிக்கை. ஆள் கணக்கு, தோட்டாக் கணக்கு, செய்த வேலையின் கணக்கு. சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை செய்வதும் அதே லெப்டினன்ட்தான். இறந்தவனின் அம்மாவுக்கு எழுதுவதும் அவரே.

அவர் நடக்கும்போது எல்லோர் கண்ணும் அவர்மேல். குண்டு சீறும் சத்தத்துக்குக் குனிகிறாரா, சிகரெட் பற்றவைக்கும்போது கை நடுங்குகிறதா, நிலவறையை விட்டு எத்தனை முறை வெளியே வருகிறார், விஸ்கி எவ்வளவு போகிறது என்று சிப்பாய்கள் கவனிப்பார்கள். சக அதிகாரிகள் அதைவிடக் கூர்மையாகக் கவனிப்பார்கள். ரம் சிப்பாய்களுக்கு அளந்து வரும்: 64 பேருக்கு ஒரு காலன், தலைக்கு 70 மில்லியளவு, அதுவும் மேலிடத்து அனுமதி இருந்தால். அதிகாரிகளின் விஸ்கிக்கு அந்த அளவுகோல் இல்லை. காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ராணுவ நீதிமன்றத்துக்குப் போன அதிகாரிகள் மீது அதிகம் வந்த குற்றச்சாட்டு குடிபோதை என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

உடையிலும் இந்தப் போட்டி தெரிந்தது. ஆரம்பத்தில் அதிகாரியின் பதவிக் குறி கைமணிக்கட்டுப் பட்டையில், பளிச்சென்று இருந்தது. தோல் வார், குதிரைக்காரன் கால்சட்டை வேறு. ஜெர்மன் ஸ்னைப்பருக்கு இதைவிட வசதி வேண்டாம். சிலர் குறியைத் தோளுக்கு மாற்றித் தைத்துக்கொண்டார்கள். சிலர் சிப்பாயின் சட்டையையே போட்டுக்கொண்டார்கள். உயிர் பிழைக்க நல்ல வழிதான். ஆனால் பழைய மரபு பேசிய பட்டாலியன்களில் அதைப் 'பயந்தாங்கொள்ளிச் சட்டை' என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலிக்கு அஞ்சி மணிக்கட்டுப் பட்டையோடு மேலேறியவர்களும் இருந்தார்கள். போர் முழுவதற்குமாகப் பார்த்தால் பிரிட்டிஷ் சிப்பாய்களில் சுமார் 12 சதவீதம் பேரும் அதிகாரிகளில் சுமார் 17 சதவீதம் பேரும் இறந்தார்கள். இளநிலை அதிகாரியின் ஆயுள் ஆறு வாரம் என்று அடிக்கடி படிக்கிறோம். பெருந்தாக்குதல் நடந்த சில மாதங்களுக்கு, சில பட்டாலியன்களுக்கு அது பொருந்தும். நான்கு வருடத்துக்கும் நீட்டினால் தவறு. பலர் காயம்பட்டு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தார்கள், இரண்டு மூன்று முறைகூட.

யார் பெரியவர்

போருக்கு முன் காலாட்படை அதிகாரியாக இருக்கச் சம்பளம் போதாது. மேற்கொண்டு வருடத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் சொந்த வருமானம் வேண்டும், குதிரைப்படைக்கு அதைவிடப் பல மடங்கு. அப்படி வந்த நிரந்தரப் படை அதிகாரிகள் 1914இல் 13,000 பேருக்குக் குறைவு. போர் முடிவதற்குள் 2,29,000 பேரளவுக்கு அதிகாரிப் பதவி வழங்கப்பட்டது. வங்கிக் குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், கடைக்காரர் மகன் எல்லோரும் வந்தார்கள். 1916 பிப்ரவரி முதல் சிப்பாய்களிலிருந்து தேர்ந்தெடுத்து நான்கு மாதத்துக்கு மேல் பயிற்சி கொடுக்கும் தனிப் பட்டாலியன்கள் வந்தன. இவர்களுக்குப் பழையவர்கள் வைத்த பெயர் 'தற்காலிகக் கனவான்கள்'. போர் முடிந்ததும் கனவான் பட்டமும் முடிந்துவிடும் என்பது அதன் குத்தல்.

மூன்று ராணுவங்கள் ஒரே சீருடையில் இருந்தன: நிரந்தரப் படை, பகுதிநேரமாகப் பயிற்சி பெற்ற டெரிட்டோரியல் படை, போர் அமைச்சர் கிச்சனர் திரட்டிய புதிய படை. டெரிட்டோரியல் கேப்டனும் நிரந்தரப் படைக் கேப்டனும் ஒரே இடத்தில் இருந்தால் டெரிட்டோரியல் காரர்தான் பதவியில் இளையவர், அவர் எத்தனை வருடம் கேப்டனாக இருந்திருந்தாலும். மேலதிகாரி குண்டில் விழுந்து, அடுத்து யார் பொறுப்பேற்பது என்ற கேள்வி நிமிடங்களில் தீர வேண்டியபோதும் இந்த விதி நடுவில் நின்றது.

ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸின் 2ஆவது பட்டாலியன் இதன் உச்சம். இந்தியாவிலும் வேறு குடியேற்றங்களிலும் நீண்டகாலம் இருந்துவிட்டு வந்த பட்டாலியன் அது. 1915இல் அங்கே போய்ச் சேர்ந்த புதிய லெப்டினன்ட்களை முதல் ஆறு மாதம் உணவு மேசையில் யாரும் சட்டை செய்வதில்லை. விஸ்கி கேட்கக் கூடாது. ஓய்வு நாட்களில் குதிரை ஏற்றமும் அணிவகுப்பும் பழக வேண்டும். அதே பட்டாலியன் அகழியைப் பராமரித்ததிலும் ரோந்து போனதிலும் போர்முனையில் பெயர் பெற்றது என்பதையும் மறைக்கக் கூடாது. இப்படி அவமானப்படுத்துவதால்தான் தரம் நிற்கிறது என்று பழையவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

பதவி உயர்விலும் ஒரு பொறி. கம்பெனியை நடத்தும் லெப்டினன்ட்டுக்குப் பொறுப்புக் கேப்டன் பதவி கிடைக்கும். காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தப் பொறுப்பு முடியும், பதவியும் போகும், கூடுதல் சம்பளமும் போகும். திரும்பி வரும்போது தன்னிடம் வேலை கற்றவர் கேப்டனாக உட்கார்ந்திருப்பார். ஒருவர் விழுந்தால் மற்றவர் ஏறுகிறார் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோரும் கணக்குப் போட்டிருப்பார்கள். மேலே ஏறியவர்களும் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ரோலண்ட் பிராட்ஃபோர்டு 25 வயதில் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். 1917 நவம்பர் 30 அன்று, பொறுப்பேற்ற அதே மாதத்தில் இறந்தார்.

இந்தியக் கோரில் இதே ஏணி இன்னும் கொடுமையானது. 1914 அக்டோபர் முதல் 1915 இறுதிவரை பிரான்சில் போரிட்ட இந்தியப் பட்டாலியன்களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் 12, 13 பேர்தான். அவர்களுக்குக் கீழே இந்திய அதிகாரிகளான சுபேதார்களும் ஜமேதார்களும். இருபது வருடம் போர் பார்த்த சுபேதாரும் நேற்று வந்த ஆங்கிலேய லெப்டினன்ட்டுக்குக் கீழ்தான். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேர் முதல் வாரங்களிலேயே விழுந்தபோது, மொழியும் ஆட்களும் தெரியாத புதியவர்கள் மேலிருந்து வந்தார்கள்; பட்டாலியனை நடத்தத் தெரிந்த சுபேதாருக்கு அதிகாரம் வரவில்லை. இரு சகோதரர்களின் பாதை இங்கே குறிப்பிடத்தக்கது. ஜமேதார் மீர் மஸ்த் 1915 மார்ச்சில் சில அஃப்ரிதி பழங்குடி வீரர்களோடு ஜெர்மானியர் பக்கம் போய்விட்டார். அவருடைய சகோதரர் ஜமேதார் மீர் தஸ்த் அடுத்த மாதம் 26ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ரில் விஷவாயுவுக்கு நடுவே எட்டு அதிகாரிகளைச் சுமந்து காப்பாற்ற உதவி, வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றார்.

அன்றாட உரசல்கள் வேறு. ஒரு பட்டாலியன் அகழியை அடுத்த பட்டாலியனிடம் ஒப்படைக்கும்போது சாமான் பட்டியலில் கையெழுத்து வாங்க வேண்டும்: ரப்பர் பூட்ஸ், தண்ணீர் இறைக்கும் பம்பு, தோட்டாப் பெட்டி, கையெறிகுண்டு, ஒளிக்குண்டு, பெரிஸ்கோப், மண்வெட்டி, விஷவாயு மணி. எண்ணிக்கை சரியாக இருக்கவே இருக்காது. வந்தவர் போனவரைக் குப்பைக்காரன் என்பார், கம்பி சரியாகக் கட்டவில்லை என்பார். நான்கு நாள் கழித்து அவரைப் பற்றி அடுத்தவர் அதையே சொல்வார். இதில் ஆபத்தான இடம் இரண்டு பட்டாலியன்கள் சந்திக்கும் எல்லை. அங்கே கம்பி கட்டுவது யார், இரவில் காவல் யார் என்பதில் இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். திடீரென அகழியில் புகுந்து தாக்கிவிட்டுத் திரும்பும் ஜெர்மன் ரெய்டு குழுவுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். அகழி மோர்ட்டார் (குண்டு வீசும் குட்டைக் குழாய்) அதிகாரியையும் யாருக்கும் பிடிக்காது. அவர் வருவார், பத்து ரவுண்டு அடிப்பார், குழாயைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பதிலடி அங்கேயே இருக்கும் காலாட்படையின் தலையில் விழும்.

ரெய்டு: போட்டி அச்சில் ஏறிய விதம்

அமைதியான பகுதிகளில் இரு தரப்பும் சொல்லாமலே ஒரு ஒப்பந்தத்துக்கு வந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் சுடாதே, நானும் சுடமாட்டேன். மேலிடம் இதை ஆபத்தாகப் பார்த்தது. 1915இல் கனடியப் படைகள் சிறு ரெய்டுகளை வெற்றிகரமாக நடத்திக் காட்டியபின், பிரிகேடும் (சில பட்டாலியன்கள் சேர்ந்தது) டிவிஷனும் ரெய்டுகளை எண்ணிக்கையாகக் கேட்க ஆரம்பித்தன. எந்த பட்டாலியன் எத்தனை கைதி பிடித்தது என்பது தளபதியின் தரத்துக்கு அளவுகோல் ஆயிற்று.

நல்ல ரெய்டுக்கு வேலை நிறைய. முப்பதிலிருந்து நூறு பேர், அவர்களுக்கு ஒன்றிரண்டு முதல் நாலு அதிகாரிகள். எதிரி அகழியின் வான்படத்தைப் பார்த்துப் பின்பகுதி வயலில் நாடா விரித்து அதே வடிவில் கோடு போட்டு, பகலிலும் இரவிலும் ஒத்திகை. முகத்தில் எரித்த தக்கைக் கரி. அடையாளம் எதுவும் சட்டையில் இருக்கக் கூடாது. ஆயுதம் பெரும்பாலும் கையெறிகுண்டும் ஆணி அடித்த தடியும். முள்கம்பியைப் பீரங்கியோ மோர்ட்டாரோ முன்கூட்டியே அறுக்க வேண்டும், இல்லையென்றால் பெங்களூர் டார்பிடோ: வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று கோத்துக் கம்பிக்கு அடியில் தள்ளி வெடிப்பது. 1912இல் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த மக்ளின்டாக் என்ற கேப்டன் உருவாக்கிய கருவி அது. உள்ளே இறங்கியதும் பீரங்கிகள் அந்த அகழித் துண்டின் மூன்று பக்கமும் குண்டு வேலி போட வேண்டும். கைதி ஒருவன், முடியாவிட்டால் இறந்தவனின் தோள்பட்டையோ சம்பளப் புத்தகமோ கொண்டுவர வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெளியேற வேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கம்பியில். முன்கூட்டி அறுத்தால் எங்கே வருகிறோம் என்று எதிரிக்கு அறிவித்த மாதிரி. அறுக்காமல் போனால் கம்பியிலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் தெரிந்த கம்பெனித் தளபதி 'இந்த வாரம் வேண்டாம்' என்று சொல்லலாம்தான். பக்கத்து பட்டாலியன் நேற்று மூன்று கைதிகளைக் கொண்டுவந்திருந்தால் அந்தச் சொல் அவர் வாயில் வராது. தோற்ற ரெய்டின் அறிக்கையில் 'எதிரிக்குப் பலத்த சேதம் என மதிப்பிடப்படுகிறது' என்ற வாக்கியம் வரும். அதைச் சரிபார்க்க எவராலும் முடியாது. ரோந்து போனதற்குச் சாட்சியாக ஜெர்மன் முள்கம்பித் துண்டு கேட்ட மேலிடத்துக்கு, ஒரு சுருள் ஜெர்மன் கம்பியைக் கொண்டுவந்து நிலவறையில் வைத்துக்கொண்டு தேவைப்படும்போதெல்லாம் ஒரு துண்டு வெட்டி அனுப்பியதாக ஒரு கதை அந்தக் காலத்து நினைவுக்குறிப்புகளில் வரும். கேட்டவருக்குத் திருப்தி, வெட்டியவர் ஆட்களும் பத்திரம். இந்தப் போரின் மிக அறிவார்ந்த ஏமாற்றுகளில் ஒன்று அது.

பதக்கம் இதோடு ஒட்டியது. மிலிட்டரி கிராஸ் 1914 டிசம்பர் 28 அன்று உருவாக்கப்பட்டது. கேப்டனும் அதற்குக் கீழே உள்ள அதிகாரிகளும், வாரன்ட் ஆபீசர்களும் பெறலாம். போர்க்காலத்தில் 37,000க்கு மேல் வழங்கினார்கள். சண்டையில் செய்த காரியத்துக்கு உடனடியாகக் கொடுப்பது ஒரு வகை. புத்தாண்டுக்கும் மன்னர் பிறந்தநாளுக்கும் பட்டியலாக வருவது இன்னொரு வகை. ரேஷனோடு வண்டியில் வந்தது என்று அதைக் கிண்டலடிப்பார்கள். பின்பகுதி அலுவலகங்களில் இருந்தவர்களுக்கும் உயர்பதக்கங்கள் போனதால் எழுந்த கசப்பு அளவு மீறியபின், 1917 ஜனவரியிலிருந்து டிஎஸ்ஓ (டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் ஆர்டர்) விருதை எதிரியின் குண்டுகளுக்கு நடுவே பணியாற்றியவர்களுக்கே பரிந்துரைக்கச் சொன்னார்கள். சிவப்புப் பட்டை அணிந்த தலைமையக ஸ்டாஃப் அதிகாரிமேல் முன்வரிசைக்காரனுக்கு இருந்த வெறுப்பில் இந்தப் பதக்கங்களுக்கு நல்ல பங்கு உண்டு. ஆனால் ஜெனரல்கள் எல்லோரும் மாளிகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மையல்ல. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் போரில் இறந்தார்கள். 1915இல் பிரான்சில் நடந்த லூஸ் போரில் மட்டும் மூன்று டிவிஷன் தளபதிகள்.

நரம்பு தளர்ந்தால்

தைரியத்தை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டவர் சார்லஸ் வில்சன். அகழியில் பட்டாலியன் மருத்துவராக இருந்தவர். பின்னாளில் மோரன் பிரபுவாகி சர்ச்சிலுக்கு மருத்துவம் பார்த்தார். ஒவ்வொருவனுக்கும் ஒரு இருப்பு, எடுக்க எடுக்கக் குறையும், தீர்ந்தால் ஆள் முடிந்தான் என்றார். புதிதாக வந்த அதிகாரி முதல் சில வாரங்கள் தெரியாமையால் ஆபத்து. அதன்பின் சில மாதங்கள் அவர் சிறந்த நிலையில் இருப்பார். ஒரு வருடம் ஓய்வில்லாமல் போனால் பட்டாலியனுக்கே பாரம். இது அகழியில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

போர்முனையில் வரும் நரம்புத் தளர்ச்சிக்கு 'ஷெல் ஷாக்' என்ற பெயரை உளவியலாளர் சார்லஸ் மையர்ஸ் 1915 பிப்ரவரியில் மருத்துவ இதழில் அச்சில் கொண்டுவந்தார். ராணுவம் அதை இரண்டாகப் பிரித்தது. குண்டு வெடித்துப் பாதிக்கப்பட்டால் காயம் எனக் கணக்கு, காயப்பட்டை அணியலாம். அப்படி இல்லாமல் நரம்பு மட்டும் தளர்ந்தால் வெறும் நோய். யார் எது என்று முடிவு செய்ய 1917 ஜூனில் ஒரு படிவம் வந்தது. அதில் அந்த ஆள் வழக்கத்துக்கு மீறிய குண்டுவீச்சுக்கு ஆளானாரா என்று எழுத வேண்டியவர் அவருடைய படை அதிகாரி. ஒருவருடைய மானம் அவரோடு போட்டியில் இருந்த, அல்லது அவரால் எரிச்சலடைந்திருந்த இன்னொருவரின் பேனாவுக்குப் போனது.

எடின்பரோவில் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனை 1916 அக்டோபரில் அதிகாரிகளுக்காகத் திறந்தது. 1,700 பேருக்கு மேல் அங்கே சிகிச்சை பெற்றார்கள். அங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் ரிவர்ஸ் கவனித்த வேறுபாடு இது: சிப்பாய்களுக்குப் பேச்சு நின்றுபோவது, கைகால் செயலிழப்பது போன்றவை அதிகம். அதிகாரிகளுக்குத் தூக்கமின்மை, கொடுங்கனவு, திக்குவாய், ஓயாத பதற்றம். பொறுப்பையும் சுமந்து, பயத்தையும் பிறர் கண்ணில் படாமல் மாதக்கணக்கில் அடக்குவதால் வருவது என்றார். 1917 வாக்கில் போர்முனையில் 30 சிப்பாய்க்கு ஓர் அதிகாரி. போர் நரம்பு நோய் மருத்துவமனைகளில் ஆறு பேருக்கு ஓர் அதிகாரி என்று கணக்கிட்டார்கள். இதை அப்படியே ரிவர்ஸின் விளக்கத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதிகாரிக்கு 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதி மருத்துவக் குழு முன் அனுப்புவது எளிது. அதே நிலையில் சிப்பாயை வரிசைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

பட்டாலியனை நடத்திய நல்ல கர்னல்களுக்கு வேறு வழிகள் தெரியும். தளர ஆரம்பித்தவரை கையெறிகுண்டுப் பள்ளிக்கு ஆசிரியராக, ரயில் நிலையப் பொறுப்புக்கு, பயிற்சி முகாமுக்கு என்று சத்தமில்லாமல் அனுப்பிவிடுவார்கள். 1916இலிருந்து தாக்குதலுக்கு முன் பட்டாலியனில் ஒரு பகுதியைப் பின்னால் நிறுத்திவைக்கும் முறையும் வந்தது, எல்லோரும் அழிந்தால் மறுபடி கட்டியெழுப்ப ஆள் வேண்டுமே. அந்தப் பட்டியலில் பெயர் வந்தவர் வெளியே கோபப்பட்டுக் காட்டுவார். உள்ளே என்ன நினைத்தார் என்பது அவரோடு. பட்டியலைப் போடும் கர்னல் அதில் இரண்டு பேரையாவது தளர்ச்சிக்காகவே சேர்த்திருப்பார்.

இந்தச் சத்தமில்லாத வழி அடைபட்ட இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு எட்வின் டயட் சாட்சி. 21 வயது. கடலில் பணியாற்ற விரும்பிச் சேர்ந்தவரை, உபரி மாலுமிகளைக் காலாட்படையாக்கிய ராயல் நேவல் டிவிஷனில் போட்டார்கள். நரம்பு தாங்கவில்லை, கப்பலுக்கு மாற்றுங்கள் என்று கேட்டிருந்தார். அந்த டிவிஷனே அப்போது உள்பகையில் இருந்தது. 1916 அக்டோபரில் தளபதியாக வந்த ஷூட் நிலப்படைக்காரர். தாடியும் கடற்படைப் பதவிப் பெயர்களுமாக இருந்த இந்தப் படை அவருக்கு ஒவ்வவில்லை. நவம்பர் 13 அன்று ஆங்க்ர் ஆற்றங்கரைத் தாக்குதலில் டிவிஷன் ஏறக்குறைய 4,000 பேரை இழந்தது. பின்னால் நிறுத்தப்பட்டிருந்த டயட்டை அன்று மாலை முன்னே அனுப்பினார்கள். மூடுபனி, இருட்டு, பட்டாலியன் எங்கே என்று தெரியவில்லை. வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு இளநிலை அதிகாரி, தன்னிடமிருந்த ஆட்களோடு முன்வரிசைக்குப் போகச் சொன்னார். இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது என்பார்கள். அவர் சொல்லி நான் போவதா என்ற நிலை. புது ஆணை வாங்கிவருகிறேன் என்று டயட் தலைமையகம் நோக்கித் திரும்பினார். மற்றவர் அதை எழுதி மேலே அனுப்பினார். டயட் தலைமையகம் போய்ச் சேரவில்லை.

டிசம்பர் 26 அன்று ராணுவ நீதிமன்றம். அவர் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. ஓடிப்போன குற்றத்துக்கு மரண தண்டனை; வயதையும் அனுபவமின்மையையும் சொல்லி நீதிமன்றமே கருணை பரிந்துரைத்தது. கோப்பு மேலே போகப் போக வேறு வாதம் வலுத்தது: இதையே ஒரு சிப்பாய் செய்திருந்தால் சுட்டிருப்போமே. 1917 ஜனவரி 5 அன்று சுட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான், டிசம்பர் 10 அன்று, ஷெல் ஷாக் வந்து தேறித் திரும்பிய எரிக் பூல் என்ற லெப்டினன்ட்டை பெல்ஜியத்தின் பாப்பரிங்கேயில் சுட்டிருந்தார்கள். சட்டம் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒன்றே என்று எல்லோரும் உணர வேண்டும் என ஹேக் தன் நாட்குறிப்பில் எழுதினார். நூற்றுக்கணக்கில் சிப்பாய்களைச் சுட்டபின் இரண்டு இளநிலை அதிகாரிகளைக் கொண்டு அந்தச் சமத்துவத்தை நிரூபித்தார்கள் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அதே தளர்ச்சியோடு கேப்டன்களும் மேஜர்களும் கிரெய்க்லாக்ஹார்ட்டில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

உச்சியில்

மேல்மட்டத்தில் போட்டி வெளிப்படையாகவே நடந்தது. 1914 ஆகஸ்ட் 26 அன்று பிரான்சின் லெ காதோவில், பின்வாங்கு என்ற சர் ஜான் பிரெஞ்சின் விருப்பத்துக்கு மாறாக, அவருக்குக் கீழிருந்த கோர் தளபதி ஸ்மித்-டோரியன் நின்று சண்டையிட்டார். அந்தப் பகை 1915 ஏப்ரல் வரை காத்திருந்தது. விஷவாயுத் தாக்குதலுக்குப் பின் ஈப்ரில் கோட்டைச் சுருக்கிப் பின்னால் எடுக்கலாம் என்று ஸ்மித்-டோரியன் எழுதினார். பொறுப்பைப் பறித்து இன்னொரு தளபதியான ப்ளூமரிடம் கொடுத்தார்கள். ப்ளூமரும் அதையே பரிந்துரைத்தார், ஏற்றுக்கொண்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் லூஸில் ரிசர்வ் டிவிஷன்களைத் தாமதமாக விட்டது யார் என்ற சண்டையில், பிரெஞ்சுக்குக் கீழே இருந்த ஹேக் ஆவணங்களோடு மன்னர் வரை போனார். டிசம்பரில் பிரெஞ்சின் நாற்காலியில் ஹேக் உட்கார்ந்தார்.

இதன் நடைமுறை விளைவு செய்தி மேலே போகும் பாதையில் தெரியும். தாக்குதல் நடக்காது என்று பட்டாலியன் தளபதி நினைக்கிறார். பிரிகேடிடம் 'சிரமம்' என்கிறார். பிரிகேட் டிவிஷனிடம் 'சில சிரமங்கள் உண்டு, சமாளிக்கலாம்' என்கிறது. கோருக்குப் போகும்போது 'ஆட்கள் உற்சாகமாக இருக்கிறார்கள்' ஆகிவிடும். மறுத்தவருக்கு ஸ்டூவர்ட்-வோர்ட்லியின் கதி. முன்னே இருந்த முள்கம்பி அறுபடவில்லை என்று, சோம் தாக்குதலுக்கு முன் 1916 ஜூன் 30 இரவு ரோந்திலிருந்து திரும்பியவர்கள் சொன்னதைச் சில இடங்களில் பயத்தில் சொல்வதாகவே எடுத்துக்கொண்டார்கள். யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லத் தேவையில்லை; ஒவ்வொருவரும் தன் பயத்தை ஒரு சொல் அளவுக்கு மறைத்தாலே போதும்.

போருக்குப்பின் சவுத்பரோ பிரபு தலைமையில் அமைந்த விசாரணைக்குழு 1922இல் அறிக்கை தந்தது. ஷெல் ஷாக் என்ற பெயரையே கைவிடச் சொன்னது, அதிகாரிகளுக்கு ஓய்வும் சுழற்சியும் முறையாக வேண்டும் என்றது. நரம்புத் தளர்ச்சி போர்க்களத்திலிருந்து கௌரவமாக வெளியேறும் வழி என்று எந்தச் சிப்பாயும் எண்ணும்படி விடக் கூடாது என்றும் சேர்த்தது. கோழைத்தனத்துக்கும் ஓடிப்போவதற்கும் இருந்த மரண தண்டனையை நாடாளுமன்றம் 1930இல் நீக்கியது. ஆனால் இரண்டாம் உலகப்போரில், 1940இல், பறக்க முடியாமல் போன விமானிகளின் கோப்பில் மன உறுதிக் குறைவு என்று எழுதும் முறையை விமானப்படை கொண்டுவந்தது. அதை முடிவு செய்ததும் பெரும்பாலும் அவர்களுடைய படைத்தளபதிதான். டயட்டும் பூலும் 2006ஆம் வருட ஆயுதப்படைச் சட்டத்தின்கீழ் மன்னிக்கப்பட்ட 306 பேரில் அடங்குவார்கள். அந்தச் சட்டம் அவர்கள்மீதான தீர்ப்பை ரத்து செய்யவில்லை.